பேரு உழவன், வேலை பீரங்கிக்குக் கண்

தக்கலையிலிருந்து நாகர்கோவிலுக்குப் போகும் வழியில், புலியூர்க்குறிச்சியில் ரோட்டை ஒட்டியே உதயகிரிக் கோட்டை. 1741-இல் குளச்சலில் பிடிபட்ட டச்சுத் தளபதி டிலனாய், பின்னால் மார்த்தாண்ட வர்மாவின் படையைப் பழக்கியெடுத்தார். இந்தக் கோட்டைக்குள் பீரங்கி வார்க்கும் உலையும் நடந்தது. அவருடைய கல்லறையும் இங்கேதான் இருக்கிறது. அந்தக் காலத்துப் பீரங்கியில் ஒரு சௌகரியம்: திரி வைக்கிறவன் நின்ற இடத்திலிருந்தே எதிரியைப் பார்த்துவிடுவான். குண்டு எங்கே விழுந்தது என்று யாரும் வந்து சொல்ல வேண்டியதில்லை.

20ஆம் நூற்றாண்டில் அந்தச் சௌகரியம் போயிற்று. நம் ராணுவம் வெகுகாலம் வைத்திருந்த 25-பவுண்டரை எடுத்துக்கொள்ளுங்கள். குண்டு 25 பவுண்டு, அதாவது சுமார் 11.3 கிலோ. எட்டும் தூரம் 12 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. வடசேரியில் வைத்துச் சுட்டால் தோவாளையைத் தாண்டி விழும். சுடுகிற ஆளுக்கோ முன்னால் நிற்கும் தென்னந்தோப்பு மட்டும்தான் தெரியும். அவனுக்கு யாராவது கண்ணாக இருக்க வேண்டும். அந்தக் கண்ணுக்காக இந்தியாவிலேயே கட்டிய ஒரு சின்ன விமானத்தைப் பற்றித்தான் இந்தப் பதிவு. பெயர் கிருஷக், அதாவது உழவன். அரசு விமானத் தொழிற்சாலையான எச்.ஏ.எல். தயாரிப்பு. விளவங்கோடு, கல்குளம் பக்கம் தெருவுக்கு ஒரு பட்டாளத்துக்காரர் இருந்தும், ஆர்ட்டிலரியில், அதாவது பீரங்கிப் படையில், இருந்த சிலரைத் தவிர இந்தப் பெயரைக் கேட்டவர்கள் குறைவு.

முதலில் உயரக் கணக்கு. மருந்துவாழ்மலையில் பாதி ஏறினாலே கடலும் குளமும் வயலும் விரிந்துவிடும். கீழே தோப்புக்குள் நின்றால் அடுத்த வீட்டு ஓடுகூடத் தெரியாது. போர்க்களத்திலும் இதே கதைதான். உங்களுக்கு 3 கி.மீ. முன்னால் 50 மீட்டர் உயரத்தில் ஒரு பொத்தை, சின்னக் குன்று, இருக்கிறது, எதிரி அதற்குப் பின்னால் பீரங்கியை நிறுத்தியிருக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். தரையில் நிற்பவனுக்குப் பொத்தையின் முதுகு மட்டும் தெரியும். 150 மீட்டர் உயரத்தில் பறப்பவனின் பார்வைக்கோடு அந்த 3 கி.மீ.க்குள் 100 மீட்டர் இறங்குகிறது. மீதி 50 மீட்டர் இறங்க இன்னும் 1,500 மீட்டர் வேண்டும். ஆக பொத்தைக்குப் பின்னால் ஒன்றரை கி.மீ. இன்னும் மறைவுதான். 300 மீட்டருக்கு ஏறினால் அந்த மறைவு 600 மீட்டராகச் சுருங்கும். ஏறி நிற்கும் ஒவ்வொரு 100 அடிக்கும் மதிப்பு உண்டு. ஏறினால் நீங்களும் எதிரிக்குத் தெரிவீர்கள் என்பதும் அதே கணக்கின் மறுபக்கம். ஆகவே தேவையான உயரம், தேவையான சில விநாடிகள். இந்த விமானங்களின் வடிவம் முழுக்க அந்தச் சில விநாடிகளுக்காகப் பிறந்தது.

யோசனை பிரிட்டிஷ் ஆர்ட்டிலரியினுடையது. சார்ல்ஸ் பேஸ்லி என்ற பீரங்கி அதிகாரி 1930களின் கடைசியில் இதற்காக விடாப்பிடியாக நின்றார். பைலட்டுக்குப் பீரங்கிக் கணக்கு சொல்லிக்கொடுப்பதைவிட, பீரங்கிக்காரனுக்கு விமானம் ஓட்டச் சொல்லிக்கொடுப்பது சுலபம் என்பது அவர் கட்சி. 1941-இல் 651 என்ற முதல் ஏர் ஓ.பி. ஸ்குவாட்ரன் (விமானப் படைப்பிரிவு) வந்தது. ஓ.பி. என்றால் குண்டு விழுவதைப் பார்க்கும் காவல் இடம். அதையே வானத்தில் தூக்கி வைத்தார்கள், அவ்வளவுதான். ஓட்டுகிறவர் தரைப்படை பீரங்கி அதிகாரி, விமானத்தைப் பராமரிப்பது விமானப்படை. இந்த இரட்டை ஏற்பாடு நம் நாட்டிலும் 1986 வரை நீடித்தது. இரண்டு வீட்டுச் சம்பந்தம் போல, எப்போதும் ஒரு சின்ன உரசலோடு.

இந்தியப் பக்கம் 656 ஸ்குவாட்ரன் 1943-இல் வந்து, பர்மாவில் 14ஆவது ராணுவத்துக்காக ஆஸ்டர் என்ற சின்ன பிரிட்டிஷ் விமானங்களை ஓட்டியது. 659 ஸ்குவாட்ரன் 1947 ஆகஸ்ட் 14 அன்று லாகூரில் கலைக்கப்பட்டு, இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் ஒவ்வொரு ஃப்ளைட்டாக, அதாவது சிறு பிரிவாக, பிரிந்தது. சொத்துப் பிரிக்கும்போது வெண்கல உருளியைப் பிரிப்பது மாதிரி. 1947-48 காஷ்மீர் சண்டையில் பறந்ததும் ஆஸ்டர்தான். பிறகு ஆஸ்டர் ஏ.ஓ.பி.9 வந்தது. 1954 மார்ச்சில் முதன்முதலாகப் பறந்த மாடல், 180 குதிரைத்திறன் பம்பார்டியர் என்ஜின். எஃகுக் குழாய்களை வெல்டிங் செய்து கட்டிய உடம்பு, மேலே துணி. நல்ல விமானம். ஆனால் உதிரிப்பாகத்துக்கு ஒவ்வொரு தடவையும் இங்கிலாந்துக்கு எழுத வேண்டும்.

இனி வேலை எப்படி நடக்கும் என்பது. இதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

பைலட் தன் பீரங்கிகளுக்குப் பக்கத்தில், தன் படை இருக்கும் பக்கத்திலேயே, மரத்தை உரசும் உயரத்தில் சுற்றிக்கொண்டிருப்பார். எதிரியின் தலைக்கு மேலே போவது அவர் வேலையில்லை. முட்டுக்கு மேலே மேப், ஒரு கையில் விமானத்தைச் சாய்த்துத் திருப்பும் ஸ்டிக், காதில் ரேடியோ. இலக்கின் கட்ட எண்ணைச் சொல்வார், அது என்னவென்று ஒரு வரியில் சொல்வார். பீரங்கி தயாரானதும் குண்டு எத்தனை விநாடி பறக்கும் என்பது அவருக்கு வரும். 25 விநாடி என்று வைத்துக்கொள்ளுங்கள். சுட்டதும் ரேடியோவில் "ஷாட்". அந்த நொடியே இவர் மூக்கைத் தூக்குவார். இந்த ரக விமானங்கள் நிமிஷத்துக்குச் சுமார் 900 அடி ஏறும், அதாவது விநாடிக்கு 15 அடி. 20 விநாடியில் 300 அடி. குண்டு விழ 5 விநாடி இருக்கும்போது "ஸ்பிளாஷ்". அப்போது இவர் உச்சியில் இருப்பார், இலக்கின் மேல் கண் இருக்கும். புகை எழும்பும், மனதில் வாங்கிக்கொள்வார், உடனே மூக்கைச் சாய்த்து மறுபடி மரத்துக்குக் கீழே. திருத்தத்தை இறங்கிக்கொண்டே சொல்வார்.

திருத்தம் ஒரு ஏலம் மாதிரி. முதல் குண்டு இலக்குக்கு இந்தப் பக்கம் விழுந்ததா? "ஆட் 400", அதாவது 400 மீட்டர் கூட்டு. அடுத்தது அந்தப் பக்கம் போயிற்றா? "டிராப் 200", 200 மீட்டர் குறை. மறுபடி இந்தப் பக்கமா? "ஆட் 100." அந்தப் பக்கமா? "டிராப் 50", இப்போது மொத்த பேட்டரியும், அதாவது அந்தப் பீரங்கிகள் எல்லாம், சேர்ந்து சுடலாம். தோவாளைச் சந்தையில் பிச்சிப்பூவுக்கு விலை பேசுகிறவர்கள் இதைவிட நயமாகப் பாதியாக்குவார்கள் என்றாலும், விஷயம் ஒன்றுதான்: இலக்கு இரண்டு குண்டுக்கு நடுவில் சிக்கிய பிறகு இடைவெளியைப் பாதி பாதியாகச் சுருக்குவது. பயந்துபோய் முதலிலேயே 50, 50 என்று நகர்த்துகிறவர் பத்துக் குண்டு வீணடித்துவிடுவார், எதிரியும் அதற்குள் இடம் மாறிவிடுவான்.

இதில் வழக்கமாக வரும் தப்பு புகையைப் பார்ப்பதில்தான். குண்டு வெடித்த கணத்தில் புகை இருக்கும் இடம்தான் சரியான இடம். காற்று மணிக்கு 40 கி.மீ. என்றால் விநாடிக்கு 11 மீட்டர். ஐந்து விநாடி கழித்துப் பார்த்தால் புகை 55 மீட்டர் தள்ளிப் போயிருக்கும். கடைசித் திருத்தமே 50 மீட்டர்தான் எனும்போது, தாமதமாகப் பார்த்தவர் போட்ட கணக்கு முழுக்க வீண். இன்னொரு தப்பு உயரம் போதாமல் பார்ப்பது. தாழ்விலிருந்து பார்த்தால் இலக்கும் புகையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டித் தெரியும், முன்னா பின்னா என்று பிடிபடாது. புகை இலக்கை மறைத்தால் முன்னால் விழுந்தது, இலக்கு புகையின் மேல் நிழலுருவமாகத் தெரிந்தால் பின்னால் விழுந்தது. இதைத்தான் பழகிப் பழகிக் கண்ணில் ஏற்ற வேண்டும்.

இந்த வேலைக்கு என்ன மாதிரி விமானம் வேண்டும்? இறக்கை தலைக்கு மேலே இருக்க வேண்டும், கீழே பார்க்கும்போது மறைக்கக் கூடாது. இதே ரகத்து அமெரிக்க விமானமான செஸ்னா பேர்ட் டாக்கில் ஜன்னல்களை வெளியே சாய்த்து வைத்து, தலைக்கு மேலே இறக்கையிலும் கண்ணாடி போட்டிருந்தார்கள். மெதுவாகப் பறக்க வேண்டும், ஆகவே பெரிய இறக்கை, பெரிய ஃபிளாப் (இறக்கையின் பின்விளிம்பில் கீழே இறங்கும் தட்டு). ரன்வே இல்லாத இடத்தில் இறங்க வேண்டும், ஆகவே காற்று நிறைந்த குண்டு டயர், வாலில் ஒரு சின்னச் சக்கரம். மூக்குச் சக்கரம் வைத்தால் உழுத மண்ணில் புதைந்து விமானம் குப்புற விழும். வால் சக்கர விமானம் மூக்கை நிமிர்த்தி நிற்பதால் ப்ரொப்பெல்லரும் கல் அடிபடாமல் தப்பும். ஆள் குறைவாக, எளிதாகக் கழற்றிப் பூட்டும்படி இருக்க வேண்டும். வேகம் மட்டும் யாருக்கும் வேண்டாம்.

கிருஷக் இந்தக் கட்டாயத்தில் பிறந்ததல்ல என்பதுதான் வேடிக்கை. பெங்களூரில் வி.எம். காட்கே தலைமையில் எச்.ஏ.எல். ஃப்ளையிங் கிளப்புகளுக்காகப் புஷ்பக் என்று இரண்டு பேர் உட்காரும் விமானம் செய்தது. 1958 செப்டம்பரில் பறந்தது, 90 குதிரைத்திறன். அதையே நாலு பேர் உட்காரும்படிப் பெரிதாக்கியதுதான் கிருஷக். முதல் மாதிரி 1959 நவம்பரில், இரண்டாவது 1960 நவம்பரில். வாங்க ஆளில்லை, வேலை நின்றது. அப்போதுதான் ராணுவத்துக்கு ஆஸ்டருக்கு மாற்று தேவைப்பட்டது. கிடப்பில் கிடந்ததைத் தூசி தட்டி எடுத்து, இரட்டைக் கன்ட்ரோல் வைத்து, பின்னால் மூன்றாவது ஆளுக்கு இடம் விட்டு, எச்.ஏ.ஓ.பி.-27 என்று பெயர் சூட்டினார்கள். 1965-இல் படையில் சேர்ந்தது. மொத்தம் செய்தது ஏறத்தாழ 70. இராவணனின் விமானப் பெயரைத் தாங்கியது கிளப்பில் பயிற்சி கொடுத்தது. உழவன் என்று பெயர் வாங்கியது போருக்குப் போனது. வயலுக்கு மருந்தடிக்க எச்.ஏ.எல். செய்த பசந்த் வேறு, அது 1972-இல்தான் பறந்தது. பெயர் வைக்கிற கமிட்டிகளைப் பற்றி நான் ஒன்றும் சொல்வதற்கில்லை.

என்ஜின் காண்டினென்டல் ஓ-470-ஜே. ஆறு சிலிண்டர், இரண்டு பக்கமும் மும்மூன்றாகப் படுத்திருக்கும், காற்றாலேயே குளிரும், 225 குதிரைத்திறன். 470 என்பது கன அங்குலம், லிட்டரில் 7.7. ஒரு அம்பாசடர் என்ஜின் ஒன்றரை லிட்டர் என்பதை நினைத்துக்கொண்டால் அளவு பிடிபடும். இறக்கை முனைக்கு முனை 11.43 மீட்டர், நீளம் 8.4 மீட்டர். அதிகபட்ச வேகம் மணிக்கு 210 கி.மீ. சுற்றி. ஆஸ்டரோடு ஒப்பிட்டால் கூடுதல் 45 குதிரைத்திறன்தான் உண்மையான லாபம். மலைப்பக்கம் பறக்கும்போது அந்த 45-க்கு உயிர் விலை.

பறக்கும் முன் செய்யும் பரிசோதனை இந்த ரகம் எல்லாவற்றுக்கும் கிட்டத்தட்ட ஒன்றே. இறக்கை டேங்கின் அடியிலும் ஃபில்டரிலும் உள்ள வடிகால் திருகைத் திறந்து ஒரு கண்ணாடிக் குப்பியில் கொஞ்சம் பெட்ரோல் பிடித்து வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். தண்ணீர் இருந்தால் அடியில் முத்து முத்தாக உருளும். ராத்திரி டேங்கைப் பாதி காலியாக விட்டால் உள்ளிருக்கும் காற்றின் ஈரம் குளிர்ந்து தண்ணீராகிவிடும், ஆகவே சாயங்காலம் இறங்கியதுமே டேங்கை நிரப்பி வைப்பது வழக்கம். நம் கடலோர ஈரத்தில் இதை விட்டுவிட்டால் மறுநாள் காலையில் என்ஜின் ஏறிய உடனே இருமும். குப்பி முழுக்கத் தண்ணீராகவே இருந்தால் நிறம் ஒரே மாதிரி தெளிவாகத் தெரிந்து ஏமாற்றும். மோந்து பார்ப்பதுதான் வழி. பிறகு மேக்னெட்டோ, பிளக்குக்குத் தீப்பொறி மின்சாரம் கொடுக்கும் கருவி. ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு பிளக், மொத்தம் 12. இரண்டு மேக்னெட்டோவும் தனித்தனி. என்ஜினை நிமிஷத்துக்கு 1,700 சுற்றில் ஓடவிட்டு, ஒன்றை அணைத்து ஒன்றைப் பார்த்தால் சுற்று கொஞ்சம் இறங்கும். 125-க்கு மேல் இறங்கினால் பிளக்கில் எண்ணெயோ ஈயமோ ஒட்டியிருக்கிறது என்று அர்த்தம். கொஞ்சம்கூட இறங்காவிட்டால் சந்தோஷப்படக் கூடாது, சுவிட்ச் அணையவே இல்லை என்று பொருள். அந்த மேக்னெட்டோ எப்போதும் உயிரோடு இருக்கும், கையால் ப்ரொப்பெல்லரைத் திருப்பினால் என்ஜின் உதைக்கும்.

கார்புரேட்டரில் பனி உறைவது என்றால் நம் ஊர்க்காரர்கள் சிரிப்பார்கள். பெட்ரோல் ஆவியாகும்போதும், குறுகிய தொண்டையில் காற்று விரியும்போதும், உள்ளே வெப்பம் 20 டிகிரிக்கு மேலேகூட இறங்கும். வெளியே 22 டிகிரி, மழைக்காலத்து ஈரம் என்றால் உள்ளே பூஜ்யத்துக்குக் கீழே. அதிலும் பவரைக் குறைத்து இறங்கும்போதுதான் மோசம். வயலில் இறங்கப் போகிறவர் த்ராட்டிலைக் குறைத்து வருவார், பனி ஓசையில்லாமல் கட்டும், கடைசியில் வரப்பு குறுக்கே வருகிறது என்று பவர் கொடுத்தால் என்ஜின் வராது. அதனால்தான் த்ராட்டிலைக் குறைக்கும் முன்பே கார்புரேட்டர் ஹீட்டை, அதாவது சூடான காற்றை உள்ளே விடும் பிடியை, முழுசாக இழுத்துவிடுவது. பாதி இழுப்பது உதவாது. இழுத்ததும் சுற்று முதலில் இறங்கும், உருகிய தண்ணீர் உள்ளே போகும்போது என்ஜின் கரகரக்கும், பிறகு ஏறும். அந்தக் கரகரப்பில் பயந்து ஹீட்டை மூடிவிடுவதுதான் புதியவர் செய்யும் தப்பு.

இறங்க இடம் பார்ப்பது தனிக் கலை. நாஞ்சில் நாட்டில் கும்பப்பூ அறுவடை முடிந்து, தாளடி காய்ந்து கிடக்கும் வயலைக் கற்பனை செய்யுங்கள். மேலிருந்து பார்த்தால் ஒரே சமதளம். உண்மையில் இருபது முப்பது மீட்டருக்கு ஒரு வரப்பு, முழங்கால் உயரம். அது சக்கரக் காலைப் பிடுங்கிவிடும். வரப்பில்லாத நீளம் எது என்று கண்டுபிடிக்க ஒரு பழைய வழி உண்டு: மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் அந்தத் தரைக்கு இணையாக, காற்றில்லாத நேரத்தில், தாழப் பறந்து எண்ண வேண்டும். விநாடிக்கு 28 மீட்டர். பத்து எண்ணினால் 280 மீட்டர். காற்றைப் பார்க்கத் தென்னை ஓலை, அடுப்புப் புகை, குளத்து நீரின் சுருக்கம் மூன்றும் போதும். குளத்தில் காற்று வரும் கரையோரம் நீர் அசையாமல் கண்ணாடி போல இருக்கும், எதிர்க்கரையில் அலை. கரண்டுக் கம்பி மேலிருந்து தெரியாது, போஸ்டைத்தான் தேட வேண்டும். இரண்டு போஸ்ட் தெரிந்தால் நடுவில் கம்பி உண்டு என்று எடுத்துக்கொள்வது.

தென்னைதான் நம் மாவட்டத்தில் பெரிய வில்லன். 20 மீட்டர் தென்னையைத் தாண்டி, பத்துக்கு ஒன்று என்ற சாய்வில் இறங்கினால், மரத்துக்குப் பின்னால் 200 மீட்டர் வயல் வீண். 280 மீட்டரில் மிச்சம் 80. ஃபிளாப் இங்கேதான் கைகொடுக்கும். பேர்ட் டாக்கில் 60 டிகிரி வரை இறங்கும், கல்லைப் போட்டது மாதிரி செங்குத்தாக, வேகம் ஏறாமல் விழலாம். அதே ஃபிளாப் கழுத்தையும் அறுக்கும். முழு ஃபிளாப்போடு இறங்கி வந்து, கடைசி நேரத்தில் மாடு குறுக்கே வந்து, மறுபடி ஏற வேண்டும் என்றால் விமானம் ஏறாது. ஃபிளாப்பை ஒரேயடியாகத் தூக்கினால் தூக்கும் சக்தி போய்த் தரையில் உட்காரும். முழு பவர், மூக்கைக் கீழே வைத்து வேகம் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்க வேண்டும்.

தரையைத் தொட்ட பிறகும் வேலை முடியவில்லை. வால் சக்கர விமானத்தில் எடையின் மையம் முன்சக்கரங்களுக்குப் பின்னால் இருக்கிறது. வால் கொஞ்சம் விலகினால் அந்த எடை இன்னும் வெளியே இழுக்கும், ஒரு நொடியில் விமானம் தன்னைத்தானே சுற்றிக்கொள்ளும். வெளிப்பக்க இறக்கை முனை தரையில் உரசும், சக்கரக் கால் மடங்கும். பின்னால் கனமாகப் பாரம் ஏற்றிய கைவண்டியை இறக்கத்தில் முன்னே தள்ளிக்கொண்டு போனவருக்கு இது தெரியும். பக்கக் காற்றில் ஸ்டிக்கைக் காற்று வரும் பக்கம் சாய்த்து, ரட்டரை (வாலில் உள்ள சுக்கானை) சின்னச் சின்னதாக மிதித்துக்கொண்டே, நடக்கும் வேகம் வரும்வரை கால் தூங்கக் கூடாது. பிரேக்கை அவசரமாக மிதித்தால் மூக்கு மண்ணில்.

ஆனால் இந்த வேலையில் ஆளைக் கொன்றது பெரும்பாலும் வேறொன்று. பைலட் கீழே ஒரு புள்ளியைப் பார்த்துக்கொண்டே தாழ்வில் வட்டமடிக்கிறார். கண் முழுக்க அங்கே. வட்டத்தை இறுக்க ஸ்டிக்கை இழுக்கிறார். நேராகப் பறக்கும்போது மணிக்கு 87 கி.மீ.க்குக் கீழேதான் தூக்குச் சக்தி அறும் என்றால், 45 டிகிரி சாய்வில் அதே விமானத்துக்கு அது 103 ஆகிவிடும். 110-இல் சுற்றுகிறவருக்குக் கையில் மிச்சம் 7 கி.மீ. இதோடு காற்றும் சேர்ந்தால் கண்ணே ஏமாற்றும். ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குள் ஆடி மாதம் வீசும் காற்றை நினைத்துக்கொள்ளுங்கள், முப்பந்தல் காத்தாடி எல்லாம் அதை நம்பித்தான் நிற்கின்றன. 40 கி.மீ. காற்றில் 110 வேகத்தில் பறப்பவர் காற்றோடு திரும்பினால் தரை 150-இல் ஓடுவது போலத் தெரியும். வேகம் கூடிவிட்டது என்று கை தானாக த்ராட்டிலைக் குறைக்கும், அல்லது மூக்கைத் தூக்கும். இறக்கைக்குத் தரை வேகம் தெரியாது, காற்று வேகம் மட்டும்தான் தெரியும். உள்பக்க இறக்கை முதலில் விழும். 300 அடியில் அதை மீட்க இடமில்லை. வேகமானியைப் பார்த்துவிட்டுத்தான் இலக்கைப் பார், வட்டத்தை இறுக்காதே, அகலமாகச் சுற்று, அல்லது நேராகத் தள்ளிப் போய்த் திரும்பு. இதற்கு மேல் மருந்து கிடையாது.

அதே இறுக்கமான வட்டம்தான் எதிரி ஜெட் வரும்போது உயிர்காப்பது. 110 கி.மீ. வேகத்தில் 45 டிகிரி சாய்வில் சுற்றும் வட்டத்தின் ஆரம் 95 மீட்டர். 700 கி.மீ.யில் வரும் ஜெட் 75 டிகிரி சாய்த்தாலும் ஒரு கி.மீ.க்குக் குறைந்து திரும்ப முடியாது. கடைசி நொடியில் அதன் பக்கமாகவே திரும்பினால் அதன் குண்டு வெற்றுக் காற்றில்.

காற்று நண்பனாகவும் இருந்திருக்கிறது. 1975 ஏப்ரல் கடைசியில் தெற்கு வியட்நாம் விமானப்படை மேஜர் புவாங், மனைவியும் ஐந்து பிள்ளைகளுமாக இரண்டு பேர் உட்காரும் பேர்ட் டாக்கில் ஏறி, கடலில் இருந்த மிட்வே என்ற அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பலின் மேல்தளத்தில் இறங்கினார். விமானத்தைப் பிடித்து நிறுத்தும் கொக்கி அதில் கிடையாது. கப்பல் 25 நாட் வேகம் பிடித்துக் காற்றை எதிர்த்து ஓடியது, காற்றே 15 நாட். ஆக 40 நாட், அதாவது மணிக்குச் சுமார் 74 கி.மீ., எதிர்க்காற்று. பேர்ட் டாக் இறங்கும் வேகத்தில் பெரும்பகுதியை அந்தக் காற்றே விழுங்கிவிட்டது, தளத்தைத் தொடும்போது ஓட்டப்பந்தயக்காரன் வேகத்தை விடக் கொஞ்சம்தான் கூடுதல்.

பேர்ட் டாக்கைப் பற்றி நாமும் அறிந்திருக்க வேண்டிய காரணம், பாகிஸ்தான் ராணுவமும் அதையே வைத்திருந்தது. உலகம் முழுக்க 3,400-க்கும் மேல் செய்தார்கள், உடம்பு முழுக்க உலோகம். துணி போர்த்திய ஆஸ்டரைவிட அது நீண்ட நாள் உழைத்ததற்கு இதுவே முதல் காரணம். துணி விமானத்தின் எதிரி வெயிலும் ஈரமும். மேலே பூசும் டோப் வெடித்தால் வெயில் பருத்தி நூலைத் தின்னும். ஒரு அங்குல அகலத் துண்டு புதிதில் 80 பவுண்டு தாங்க வேண்டும், 56-க்குக் கீழே போனால் முழுத் துணியையும் உரிக்க வேண்டும். அதைவிட மோசம் உள்ளே. எஃகுக் குழாய்ச் சட்டத்தின் தாழ்ந்த மூலையில், வால் பக்கம், தண்ணீர் தேங்கி உள்பக்கமாகத் துரு பிடிக்கும். வெளியே பெயின்ட் பளபளப்பாக இருக்கும், கூரான துளைப்பானால் குத்தினால் உள்ளே போய்விடும். குழாய்க்குள் ஆளிவிதை எண்ணெய் ஊற்றி வடித்துவிடுவது பழைய காப்பு. உப்புக்காற்றில் மணவாளக்குறிச்சி, முட்டம் பக்கம் வீட்டு இரும்புக் கிராதிக்கு என்ன ஆகிறது என்று பார்த்தவர்களுக்கு மேலே விளக்கம் வேண்டாம்.

கிருஷக்கின் பெரிய நாள் 1971 டிசம்பர் 5. ராஜஸ்தானில் லோங்கேவாலா. மேஜர் குல்தீப் சிங் சாந்த்புரியின் கீழ் 23 பஞ்சாப் பட்டாலியனின் ஒரு கம்பெனி, எதிரே பாகிஸ்தான் டாங்கிகள். ஜெய்சல்மேரில் இருந்த விமானப்படையின் ஹண்டர் ஜெட் விமானங்களுக்கு இரவில் அடிக்க வழியில்லை, விடியும்வரை காத்திருந்தார்கள். விடிந்ததும் ஹண்டர்கள் வந்தன, அவற்றுக்கு மேலிருந்து இடம் சொல்லியது மேஜர் ஆத்மா சிங் ஓட்டிய கிருஷக். ஏன் அவர் தேவைப்பட்டார் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். 700 கி.மீ. வேகத்தில் வரும் ஹண்டர் விநாடிக்கு 194 மீட்டர் போகும். 2 கி.மீ. தள்ளி ஒரு டாங்கியைக் கண்டால் குறிபார்த்துச் சுட்டு மேலே இழுக்க மொத்தம் பத்து விநாடி. மணல் நிறத்து டாங்கியை மணலில் தேட அது போதாது. கிருஷக்காரருக்கோ அவசரமில்லை. சக்கரத் தடம் எங்கே முடிகிறது, புழுதி எங்கே கிளம்புகிறது, எது ஏற்கனவே எரிகிறது என்று நின்று பார்த்து, அடுத்தவனுக்கு எது என்று சொல்ல முடியும். அன்று அவர் திருத்தியது பீரங்கியை அல்ல, விமானத்தை, ஆனால் கணக்கு தேவ்லாலி பீரங்கிப் பள்ளியில் படித்த அதே கணக்குதான். ஆத்மா சிங்குக்கு வீர் சக்ரா கிடைத்தது. சினிமாவில் டாங்கியும் ஹண்டரும் வரும், இந்தச் சின்ன விமானத்தை யாரும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் மனத்தாங்கல் உண்டு.

அதன்பின் அதிக நாள் இல்லை. 1970களின் நடுவில் எச்.ஏ.எல். சீட்டா ஹெலிகாப்டர் வந்தது, பிரெஞ்சு லாமாவின் இந்திய வடிவம். நம் இமயமலைத் தேவையை மனதில் வைத்தே பிரெஞ்சுக்காரர்கள் அதை வரைந்தார்கள். 1972 ஜூனில் லாமா 12,442 மீட்டர் உயரம் ஏறி ஹெலிகாப்டர் சாதனை போட்டது. சீட்டாவுக்கு வரப்பு பார்க்க வேண்டாம், தென்னைக் கணக்கு வேண்டாம், வட்டமடிக்கும்போது தூக்குச் சக்தி அறும் பயம் வேண்டாம். மரத்துக்குப் பின்னால் அப்படியே நின்று, "ஸ்பிளாஷ்" கேட்டதும் தலையை மட்டும் தூக்கிப் பார்த்துவிட்டு இறங்கிவிடும். 300 அடி ஏற 20 விநாடி என்ற கணக்குக்கே அர்த்தம் போனது. மணிநேரச் செலவு மட்டும் பல மடங்கு. 1986 நவம்பர் 1 அன்று ராணுவத்துக்கென்று தனி விமானப் பிரிவு பிறந்தபோது, ஏர் ஓ.பி. ஸ்குவாட்ரன்கள் பீரங்கிப் படையை விட்டு அங்கே போயின. ஸ்குவாட்ரன் எண்களை மட்டும் யாரும் மாற்றவில்லை. அந்தப் பிரிவின் ஸ்குவாட்ரன்கள் 659, 660, 661 என்றே இன்னும் எண்ணிக்கொண்டிருக்கின்றன, இரண்டாம் உலகப்போரில் பேஸ்லியின் ஆட்களுக்கு 651-இல் தொடங்கிய அதே வரிசையில்.